கட்டி இருக்கிறது, மேமோகிராம் நார்மல்: எதை நம்புவது?

மார்பகப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிவது பற்றி வந்த கடிதங்களுக்கு அறுவைச் சிகிச்சை, கதிரியல் (எக்ஸ்ரே, ஸ்கேன்), நோய்க்குறியியல் (திசு ஆய்வு) ஆகிய மூன்று துறை மருத்துவர்கள் சேர்ந்து பதில் தருகிறார்கள். எழுதியவர்களின் பெயரைத் தவிர்த்து ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

வயது 38. இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது. வலி கிடையாது. இரண்டு மாதம் முன்பு மேமோகிராம் எடுத்ததில் நார்மல் என்று வந்தது. கட்டி மட்டும் அப்படியே இருக்கிறது. ரிப்போர்ட்டை நம்பி விட்டுவிடலாமா?
— திண்டுக்கல்

விடக்கூடாது. மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) ஏறக்குறைய எட்டில் ஒரு புற்றுநோயைத் தவறவிடும். உங்கள் வயதில் அந்த வாய்ப்பு இன்னும் கூடுதல். மேமோகிராம் படத்தில் கொழுப்பு கறுப்பாகவும் பால் சுரப்பித் திசு வெள்ளையாகவும் விழும். புற்றுக்கட்டியும் வெள்ளையாகத்தான் விழும். 40 வயதுக்குக் கீழே பெரும்பாலோருக்குச் சுரப்பித் திசு அடர்த்தியாக இருப்பதால், பஞ்சு மூட்டைக்குள் பஞ்சு உருண்டையைத் தேடுகிற கதைதான். ரிப்போர்ட்டில் அடர்த்தியை ஏ, பி, சி, டி என்று ஏறுவரிசையில் குறித்திருப்பார்கள். உங்களுடையது சி அல்லது டி என்றால் அந்த 'நார்மல்' என்ற சொல்லுக்குப் பாதி மதிப்புதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மேமோகிராம் எடுக்கப் போனபோது கட்டி இருப்பதைச் சொன்னீர்களா? அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு எடுக்கும் படம் வேறு, கட்டி உள்ளவருக்கு எடுக்கும் படம் வேறு. இரண்டாவதில் கட்டி உள்ள இடத்தில் தோலின்மேல் ஓர் அடையாளம் ஒட்டி எடுப்பார்கள், தேவைப்பட்டால் அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கி எடுப்பார்கள், கூடவே அல்ட்ராசவுண்டும் பார்ப்பார்கள். முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜில் வரிசையில் நின்று எடுத்த படத்தில் இதெல்லாம் நடந்திருக்காது.

இப்போது செய்ய வேண்டியது அல்ட்ராசவுண்டு. ஸ்கேன் அறையில் படுத்ததும் கட்டி தட்டுப்படும் இடத்தை நீங்களே விரலால் தொட்டுக் காட்டுங்கள். உட்கார்ந்தால் மட்டும் தட்டுப்படுகிறது என்றால் உட்கார்ந்த நிலையிலேயே பார்க்கச் சொல்லுங்கள். நீர்க்கட்டி என்றால் அங்கேயே ஊசியால் நீரை எடுத்துவிடலாம். நீர் தெளிவாக வந்து கட்டியும் மறைந்துவிட்டால் பிரச்சினை முடிந்தது. நீரில் ரத்தம் கலந்திருந்தாலோ, எடுத்த பிறகும் கட்டி மிச்சமிருந்தாலோ திசுப் பரிசோதனை தேவை. திடமான கட்டி என்றால் பெரும்பாலும் அதற்கும் திசுப் பரிசோதனை செய்து பார்த்துவிடுவதே நல்லது.

மருத்துவர் கையால் பார்த்தது, படம், திசு ஆகிய மூன்றும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். ஒன்று மட்டும் மாறிச் சொன்னாலும் தேடலை நிறுத்தக் கூடாது. வலியில்லை என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள், மார்பகப் புற்றுக்கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. அதேசமயம் உங்கள் வயதில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை நார்க்கட்டியோ நீர்க்கட்டியோதான்.

ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்று மாமியார் தடுக்கிறார். உள்ளூர் டாக்டரோ, "ஊசியெல்லாம் எதற்கு, கட்டியை எடுத்துவிட்டே டெஸ்டுக்கு அனுப்பலாம்" என்கிறார். யார் சொல்வது சரி?
— பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்

இருவர் சொல்வதும் சரியில்லை. ஊசிப் பரிசோதனையால் நோய் பரவிச் சாவு கூடியதாகச் சான்று இல்லை. 'கத்தி பட்டால் பரவும்' என்ற பேச்சு வந்த வழி வேறு. முற்றிய நிலையில் வந்தவர்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்தும் பலனில்லாமல் போனபோது பழி கத்தியின்மேல் விழுந்தது.

முதலில் கட்டியை எடுத்துவிடுவது பல ஊர்களில் இன்றும் நடக்கிறது, எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. கட்டி சாதாரணமானது என்றால் தேவையில்லாத தழும்பு. புற்று என்றால் சிக்கல் பெரிது. எவ்வளவு ஓரத் திசுவோடு எடுக்க வேண்டும் என்று தெரியாமலே எடுத்திருப்பார்கள், மறுபடி அறுவைச் சிகிச்சை வேண்டியிருக்கும். சில வகைக் கட்டிகளுக்கு முதலில் மருந்து கொடுத்துச் சுருக்கி, பிறகு மார்பகத்தைக் காப்பாற்றியே எடுக்க முடியும். கட்டி போய்விட்டால் மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கவே வழியில்லை.

ஊசியிலும் இரண்டு வகை உண்டு. மெல்லிய ஊசியில் செல்களை உறிஞ்சி ஸ்லைடில் தேய்ப்பது எஃப்.என்.ஏ.சி. தடித்த ஊசியில் தீக்குச்சிக் கனத்துக்குத் திசுத் துண்டு எடுப்பது கோர் பயாப்சி. கேட்டு வாங்க வேண்டியது கோர் பயாப்சியைத்தான். புற்று உறுதியானால் அடுத்து தெரிய வேண்டியவை இ.ஆர்., பி.ஆர். (புற்றுச் செல்லில் உள்ள ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்-2 (ஒரு புரதம்) என்ற மூன்று முடிவுகள்; எந்த மருந்து என்பதே அவற்றை வைத்துத்தான். மரத்துப்போகும் ஊசி போட்டு, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே நான்கைந்து துண்டு எடுப்பார்கள். 'டப்' என்று ஸ்டேப்ளர் அடிப்பதுபோல் சத்தம் வரும், பயப்பட வேண்டாம். முடிந்ததும் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சிறு மருத்துவமனைகளில் திசு உள்ள பாட்டிலை உறவினர் கையில் கொடுத்து, "லேபில் கொடுத்துவிடுங்கள்" என்று அனுப்பும் வழக்கம் உண்டு. பாட்டில் உங்கள் கைக்கு வந்தால் இவற்றைப் பாருங்கள். உள்ளே இருப்பது திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவமா? சலைன் நீரில் போட்டிருந்தால் திசு கெட்டுவிடும். திசுவின் அளவைப்போல் பத்து மடங்காவது திரவம் இருக்க வேண்டும். பெயர், எந்தப் பக்கம், திசு எடுத்த நேரம், ஃபார்மலினில் போட்ட நேரம் நான்கும் எழுதியிருக்க வேண்டும். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் திசு ஃபார்மலினுக்குள் போக வேண்டும், அதில் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் ஊற வேண்டும். சனிக்கிழமை மாலை எடுத்து, திங்கள் விடுமுறை என்று செவ்வாய் இரவு வரை அலமாரியில் கிடந்தால் இ.ஆர். பரிசோதனை 'இல்லை' என்று தப்பாக வரக்கூடும். அப்படி வந்தால், பலன் தரக்கூடிய ஹார்மோன் மாத்திரை அந்தப் பெண்ணுக்குக் கிடைக்காமலே போகும்.

ரிப்போர்ட்டோடு பாரஃபின் பிளாக்கையும் (திசுவைப் பதித்த மெழுகுக் கட்டி) ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கி வையுங்கள். பெரிய மருத்துவமனைக்குப் போகும்போது அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.

ரிப்போர்ட்டில் 'பை-ராட்ஸ் 4ஏ' என்று போட்டிருக்கிறது. நான்காம் கட்டப் புற்றுநோயா? இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.
— சேலம்

சாப்பிடுங்கள். அது நோயின் கட்டம் இல்லை. படத்தைப் பார்த்தவர் தன் சந்தேகத்தின் அளவைச் சொல்லப் போடும் எண். 1 என்றால் ஒன்றுமில்லை. 2 சாதாரணக் கட்டி. 3 என்றால் புற்றாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 2-க்கு மேல் போகாது; ஆறு மாதத்தில் மறுபடி படம் எடுத்து, மாறவில்லை என்றால் இரண்டு ஆண்டுவரை பார்த்து விட்டுவிடுவார்கள். 4-க்குள் மூன்று பிரிவு: ஏ என்றால் நூற்றுக்கு 2 முதல் 10 வரை, பி 10 முதல் 50 வரை, சி 50 முதல் 95 வரை. 5 என்றால் 95-க்கு மேல். 6 என்பது ஏற்கெனவே திசுவில் உறுதியானவருக்குப் போடுவது.

ஆக, உங்களுக்குப் புற்று இல்லாமலிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனாலும் 4 வந்துவிட்டால் கோர் பயாப்சியைத் தள்ளிப் போடக் கூடாது. பயாப்சியில் சாதாரணம் என்று வந்தாலும், படம் பார்த்த மருத்துவரிடம் அந்த முடிவைக் காட்டி, "நீங்கள் பார்த்ததோடு இது ஒத்துப்போகிறதா?" என்று கேளுங்கள். ஊசி கட்டிக்குப் பக்கத்துத் திசுவை எடுத்துவிட்ட நிகழ்வுகளை இந்தக் கேள்விதான் பிடித்துக் கொடுக்கும்.

எங்கள் அனுபவத்தில் ஆட்கள் அதிகம் ஏமாறும் எண் 0. 'ஜீரோ, ஒன்றுமில்லை' என்று ஃபைலை மூடிவிடுகிறார்கள். 0 என்றால் படம் போதவில்லை, மேற்கொண்டு எடுக்க வேண்டும் என்று பொருள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயது தாண்டியவர்களுக்கு மார்பகப் பரிசோதனை என்று கூப்பிட்டார்கள். மெஷின் எதுவும் இல்லை, நர்ஸ் கையால் பார்ப்பாராம். இதில் என்ன தெரிந்துவிடும்?
— தேனி மாவட்டம்

தெரியும். மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை 1998-ல் தொடங்கிய ஆய்வு இதற்குச் சான்று. குடிசைப் பகுதிகளில் 35 முதல் 64 வயது வரையுள்ள 1,51,538 பெண்களை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மட்டும், பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள். 2021-ல் வெளியான முடிவின்படி, 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் மார்பகப் புற்றுநோய்ச் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. 50-க்குக் கீழே சாவு அப்படிக் குறையவில்லை.

அரசுத் திட்டம் 30 முதல் 65 வயது வரை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை என்கிறது. மும்பையில் பலன் கிடைத்தது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பார்த்ததில். அதனால் 'போன முறை பார்த்தாயிற்று' என்று ஐந்து வருடம் காத்திருக்காமல் இடையிலும் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள், இலவசம்தான்.

ஒழுங்காகப் பார்க்கிறார்களா என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஜாக்கெட்டைக் கழற்றச் சொல்ல வேண்டும். உட்கார வைத்து, கையைத் தூக்கச் சொல்லிக் கண்ணால் பார்க்க வேண்டும். படுக்க வைத்து ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடமாவது விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அக்குளும் கழுத்துப்பட்டை எலும்பின் மேல்குழியும் பார்க்க வேண்டும். துணிக்கு மேலே இரண்டு அழுத்து அழுத்திவிட்டு 'ஓகே' என்று பதிவேட்டில் எழுதினால் அது பரிசோதனை ஆகாது. மறைப்புத் திரை இல்லாததால்தான் பல இடங்களில் அப்படி நடக்கிறது. திரை கேளுங்கள், கேட்டால் ஏற்பாடு செய்வார்கள்.

மாதாமாதம் நாமே பார்த்துக்கொள்வது எப்படி? சிலர் அதில் பயனில்லை என்கிறார்களே?
— திருச்சி

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருவோம். சீனாவின் ஷாங்காய் நகரில் 2,66,064 பெண் ஜவுளித் தொழிலாளர்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2002-ல் வந்தது. சுயபரிசோதனை கற்றவர்களிடையே சாவு குறையவில்லை. சாதாரணக் கட்டிக்கான பயாப்சிகள்தான் கூடின. அதனால் இதை மேமோகிராமுக்கோ மருத்துவர் பரிசோதனைக்கோ மாற்றாக நாங்கள் சொல்வதில்லை. ஆனால் மேமோகிராம் எட்டாத ஊர்களில் கட்டியை முதலில் கண்டுபிடிப்பது அந்தப் பெண்ணின் கைதான். எலுமிச்சை அளவில் வருவதைவிடச் சுண்டைக்காய் அளவில் வருவது நல்லது. தன் மார்பு வழக்கமாக எப்படி இருக்கும் என்று தெரிந்தவருக்குத்தான் மாறியது தெரியும்.

மாதவிலக்கு தொடங்கி ஏழு முதல் பத்து நாளுக்குள் பாருங்கள். அதற்கு முன்னால் மார்பு கனத்து, முடிச்சு முடிச்சாக இருக்கும். மாதவிலக்கு நின்றவர்கள் மாதத்தில் ஒரு தேதியை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கண்ணாடி முன் நின்று, கையைத் தொங்கவிட்டு, பிறகு தலைக்கு மேல் தூக்கி, பிறகு இடுப்பில் ஊன்றி அழுத்தி மூன்று விதமாகப் பாருங்கள். மூன்றாவதில் மார்புத் தசை இறுகும்; உள்ளே எங்காவது ஒட்டிப் பிடித்திருந்தால் அப்போதுதான் தோலில் குழி விழும்.

பிறகு படுங்கள். வலது பக்கம் பார்க்க வலது தோளுக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வைத்து, வலது கையைத் தலைக்கடியில் கொடுங்கள். இடது கையின் நடு மூன்று விரல்களின் சதைப்பகுதியால் காசு அளவு வட்டமாகத் தடவுங்கள். ஒவ்வோர் இடத்திலும் லேசாக, நடுத்தரமாக, எலும்பு தட்டும்வரை என மூன்று அழுத்தம். கழுத்துப்பட்டை எலும்பிலிருந்து மார்பின் அடிமடிப்பு வரை, அக்குளிலிருந்து நடு நெஞ்சு வரை, கோலத்துக்கு நேர்கோடு இழுப்பதுபோல் மேலும் கீழுமாக விடுபடாமல் வாருங்கள். பிறகு அடுத்த பக்கம்.

விரல்களுக்கு இடையே கிள்ளிப் பிடித்துப் பார்க்காதீர்கள். எந்த மார்பைக் கிள்ளினாலும் கட்டி போலத்தான் இருக்கும். அடிமடிப்பில் வில் போன்ற ஒரு தடிப்பு எல்லோருக்கும் உண்டு. காம்பைப் பிதுக்கவும் வேண்டாம், பிதுக்கினால் சிலருக்குத் திரவம் வருவது இயல்பு. தானாக, ஒரு பக்கம் மட்டும், ஒரே துளையிலிருந்து, நீர் போலவோ ரத்தம் கலந்தோ வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். காம்பு புதிதாக உள்ளே இழுத்தல், தோல் ஆரஞ்சுத் தோல்போல் ஆவது, அக்குளில் நெறி கட்டி வாரக்கணக்கில் வற்றாமல் இருப்பது, களிம்பு போட்டும் ஆறாத காம்புப் படை ஆகியவையும் அப்படித்தான். பத்து போட்டுக் கரைக்கப் பார்க்காதீர்கள். அதில் வீணாகும் ஆறு மாதம் திரும்பக் கிடைக்காது.

மேமோகிராமுக்குத் தேதி வாங்கியிருக்கிறேன். ரொம்ப வலிக்குமாமே? கதிர்வீச்சால் வேறு புற்று வராதா?
— கோயம்புத்தூர்

இரண்டு தகடுகளுக்கு இடையே மார்பை அழுத்துவார்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு என மொத்தம் நான்கு படம், ஒவ்வொன்றுக்கும் சில விநாடிகள் அழுத்தம். அழுத்தம் குறைந்தால் திசுக்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து படம் கலங்கும், கதிர்வீச்சும் கூடுதலாகத் தேவைப்படும். மாதவிலக்கு முடிந்த அடுத்த வாரத்தில் தேதி வாங்கினால் வலி குறையும். கதிர்வீச்சு நான்கு படத்துக்கும் சேர்த்துச் சுமார் 0.4 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இரண்டு மாதத்தில் நம்மேல் படுவது ஏறக்குறைய அவ்வளவுதான்.

அன்று குளித்துவிட்டு அக்குளில் பவுடரோ டியோடரண்டோ போடாமல் போங்கள். அதிலுள்ள துகள்கள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளிகளாக விழும். ஆரம்பநிலைப் புற்றின் ஓர் அடையாளமும் அதே புள்ளிகள்தான். சேலையைவிட மேல்சட்டை தனியாக உள்ள உடை வசதி. தாலிச் சங்கிலியைக் கழற்ற மனமில்லை என்றால் படத்தில் விழாதபடி முதுகுப் பக்கம் தள்ளிவிடச் சொல்வார்கள். பழைய படங்கள் இருந்தால் ரிப்போர்ட்டை மட்டும் கொண்டு போகாமல் ஃபிலிமையோ சி.டி.யையோ எடுத்துப் போங்கள்; ஒப்பிட்டுப் பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

அலுவலக முகாமில் 'வலியில்லாத, கதிர்வீச்சு இல்லாத' வெப்பப் படமும், சி.ஏ. 15-3 ரத்தப் பரிசோதனையும் சேர்த்துச் சலுகை விலையில் தருகிறார்கள். எடுக்கலாமா?
— சென்னை

மேமோகிராமுக்குப் பதிலாக என்றால் வேண்டாம். வெப்பப் படம் மட்டும் தனியாக மேமோகிராமுக்கு ஈடாகாது என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. பலமுறை எச்சரித்திருக்கிறது. ரத்தத்தில் பார்க்கும் சி.ஏ. 15-3 அளவு ஆரம்பநிலைப் புற்றில் பெரும்பாலும் உயராது, புற்றில்லாத கல்லீரல் கோளாறிலும் உயரும். நோய் உள்ளவரின் சிகிச்சையைக் கண்காணிக்கப் பயன்படும் பரிசோதனை அது.

அம்மாவுக்கு 44 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. எனக்கு 31. எப்போது தொடங்க வேண்டும்?
— மதுரை

அம்மாவுக்கு வந்த வயதிலிருந்து பத்தைக் கழியுங்கள்: 34-ல் மேமோகிராம். அதுவரை ஆண்டுதோறும் மருத்துவரிடம் கையால் பரிசோதனை. அதற்குள் குடும்பக் கணக்கை முழுதாக எடுத்துவிடுங்கள். நம் வீடுகளில் தாய்வழியை மட்டும்தான் எண்ணுகிறார்கள். அத்தைக்கும் அப்பாவைப் பெற்ற பாட்டிக்கும் வந்ததும் கணக்கில் சேரும். 'கர்ப்பப்பைப் புற்று' என்று பொதுவாகச் சொன்னால் கருப்பையா, சூலகமா (சினைப்பை) என்று கேட்டுக்கொள்ளுங்கள், சூலகப் புற்று என்றால் அதுவும் சேரும்.

மார்பகப் புற்றுநோயில் பரம்பரையாக வருவது நூற்றுக்கு 5 முதல் 10 வரைதான். அப்படி வரக் காரணமான மரபணு மாற்றம் உள்ளதா என்று பார்க்கும் பி.ஆர்.சி.ஏ. மரபணுப் பரிசோதனையை முடிந்தால் முதலில் அம்மாவுக்குச் செய்யுங்கள். அவருக்கு மாற்றம் கண்டுபிடித்து உங்களுக்கு அதே மாற்றம் இல்லை என்றால் நிம்மதி. அம்மாவைப் பார்க்காமல் உங்களுக்கு மட்டும் பார்த்து 'இல்லை' என்று வந்தால் அதிலிருந்து அதிகம் சொல்ல முடியாது. மாற்றம் உள்ளவர்களுக்கு 25 வயதிலிருந்து ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ., 30-லிருந்து மேமோகிராமும் சேரும்.

குழந்தைக்கு ஐந்து மாதம். ஒரு பக்கம் கட்டி இருக்கிறது, பால்கட்டு என்கிறார்கள். பால் கொடுப்பதை நிறுத்தினால்தான் ஸ்கேன் எடுக்க முடியுமா?
— நாகர்கோவில்

நிறுத்த வேண்டாம். ஸ்கேனுக்குச் சற்று முன்பு பால் கொடுத்து மார்பைக் காலி செய்துவிட்டுப் போங்கள், படம் தெளிவாக இருக்கும். அல்ட்ராசவுண்டால் பாலுக்குக் கெடுதல் இல்லை. தேவைப்பட்டால் மேமோகிராமும் பயாப்சியும்கூடச் செய்யலாம். பால்கட்டு என்றால் ஓரிரு வாரத்தில் குறைய வேண்டும். ஆன்டிபயாடிக் முடித்தும் சிவப்பும் வீக்கமும் போகவில்லை, காய்ச்சலும் இல்லை என்றால் மூன்றாவது முறையும் அதே மாத்திரையை வாங்காமல் மார்பக மருத்துவரைப் பாருங்கள்.

என் கணவருக்கு 57 வயது. காம்புக்குப் பக்கத்தில் கல் மாதிரி இருக்கிறது. ஆண்களுக்கும் வருமா?
— தூத்துக்குடி

வரும், மொத்த மார்பகப் புற்றுநோயில் நூற்றுக்கு ஒன்று. ஆண்களுக்கு வரும் சாதாரண மார்பு வீக்கம் காம்புக்கு நேர் அடியில் ரப்பர்போல் இருக்கும். கல்போலக் கடினமாக, காம்பை விட்டு ஒதுங்கி இருப்பது சந்தேகத்துக்குரியது. அவருக்கும் மேமோகிராம், அல்ட்ராசவுண்டு, கோர் பயாப்சி என்று அதே வழிதான்.

அம்மாவுக்கு 76 வயது. ஆண்டுதோறும் மேமோகிராம் எடுக்க அழைத்துப் போகிறேன். இன்னும் தொடர வேண்டுமா?
— புதுச்சேரி

உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை 50 முதல் 69 வயது வரை, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. அமெரிக்காவின் 2024 பரிந்துரை 40 முதல் 74 வரை, அதுவும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான். மேமோகிராம் தேடலுக்கு ஒரு விலை உண்டு. பிரிட்டனில் 2012-ல் நடந்த தனி மதிப்பாய்வின்படி, ஓர் உயிரைக் காப்பாற்றும் அதே தேடலில், வாழ்நாள் முழுக்கத் தொந்தரவே தராமல் இருந்திருக்கக்கூடிய புற்றுக்காக மூன்று பேர் சிகிச்சை பெறுகிறார்கள். வயது ஏற ஏற இந்தக் கணக்கு நோயாளிக்குப் பாதகமாகச் சாயும். அறிகுறி இல்லை என்றால் அம்மாவுக்கு இனிப் படம் தேவையில்லை என்பது எங்கள் கருத்து. கட்டி தட்டுப்பட்டால் மட்டும் 'இந்த வயதில் என்ன' என்று விடாமல் உடனே காட்டுங்கள்.